டைப்ரைட்டர் மெக்கானிக் ஆரம்பித்த கம்ப்யூட்டர் கம்பெனி

1983-ல் அமெரிக்காவின் கமோடர் நிறுவனம் உச்சத்தில் இருந்தது. விற்பனை நூறு கோடி டாலரைத் தாண்டியிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர் சந்தையில் அதன் கிட்டே நெருங்க ஆளில்லை. அடுத்த ஜனவரியிலேயே, அதை ஆரம்பித்து வளர்த்த ஜாக் டிரமியெல் ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார். கம்பெனியில் பெரும்பங்கு வைத்திருந்த இர்விங் கோல்டுடன் தகராறு. காரணம் பலவாறாகச் சொல்லப்படுகிறது. அதிகம் அடிபடுவது இதுதான்: மகன்களை நிர்வாகத்துக்குள் கொண்டுவர டிரமியெல் ஆசைப்பட்டார், கோல்டு ஒப்பவில்லை.

கடைப் பலகையில் ‘அண்ட் சன்ஸ்’ என்று எழுதிப் பழகிய நமக்கு இந்த ஆசை விசித்திரமில்லை. பங்குச் சந்தையில் இருக்கும் அமெரிக்கக் கம்பெனியில் அது எடுபடவில்லை. ஆனால் டிரமியெலுக்குக் குடும்பம் என்பது சும்மா கிடைத்த சொத்து அல்ல.

போலந்தின் வூட்ச் நகரில் 1928-ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939-ல் ஜெர்மன் படை நுழைந்தபோது பத்து வயது. நகரத்து யூதர்களை ஒரு பகுதிக்குள் அடைத்துச் சுற்றிலும் வேலி போட்டார்கள். வேலை செய்பவனுக்குத்தான் அங்கே சாப்பாடு. பையன் கால்சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். 1944 ஆகஸ்டில் எல்லோரையும் ரயிலேற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். வந்தவர்களில் வேலைக்கு ஆவான், ஆகமாட்டான் என்று பிரித்த மருத்துவன் யோசப் மெங்கலே. அப்பாவும் பிள்ளையும் தேறினார்கள். ஹனோவர் நகரை ஒட்டிய ஆலெம் முகாமுக்கு இருவரையும் கொண்டுபோனார்கள். அங்கே அப்பா இறந்துபோனார். காய்ச்சல் என்றது ஒரு தகவல். ஊசியில் பெட்ரோல் ஏற்றிக் கொன்றார்கள் என்பது மகன் சொன்னது.

1945 ஏப்ரலில் அமெரிக்காவின் 84-வது காலாட்படைப் பிரிவு அந்த முகாமுக்குள் வந்தது. ஜாக் அப்போது எலும்பும் தோலுமான பதினாறு வயதுப் பையன். இரண்டு வருடம் கழித்து, பெர்கன்-பெல்சன் முகாமிலிருந்து உயிர் தப்பிய ஹெலனைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே 1947 நவம்பரில் அமெரிக்கா போய் இறங்கினார்.

ஆங்கிலம் தெரியாது. கிடைத்த வேலையைச் செய்தார். சீக்கிரமே ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். தன்னை மீட்ட படைக்குப் பட்ட கடன் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புதிதாக வந்த ஏழைக்குச் சோறு, சம்பளம், தொழில் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கேதான் டைப்ரைட்டர் உள்ளிட்ட ஆபீஸ் இயந்திரங்களைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார்.

வெளியே வந்ததும் டாக்சி ஓட்டினார், ஒரு டைப்ரைட்டர் கடையில் வேலை பார்த்தார். பிறகு, முன்னாள் படைவீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தில் கிடைத்த கடனை வாங்கி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் சொந்தக் கடை போட்டார். ராணுவ வாடை அடிக்கும் பெயராக வைக்க ஆசை. ஜெனரல், அட்மிரல் இரண்டையும் யாரோ ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். மிஞ்சியது கமோடர்.

1955-ல் கனடாவின் டொரன்டோவுக்குப் போனார். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து டைப்ரைட்டர் இறக்குமதி செய்தார். அதில் ஜப்பான்காரர்களின் போட்டி வந்ததும் கூட்டல் இயந்திரம், அடுத்து கால்குலேட்டர். எழுபதுகளின் நடுவில் அங்கேயும் அடி விழுந்தது. கால்குலேட்டருக்கு சிப் விற்றுவந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தானே கால்குலேட்டர் செய்து, டிரமியெலுக்குக் கட்டுப்படியாகாத விலைக்குக் கடையில் இறக்கியது.

1976-ல் அவர் ஒரு சிப் கம்பெனியையே வாங்கினார். பெயர் மாஸ் டெக்னாலஜி. மற்றவர்களின் பிராசஸர் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற காலத்தில் 25 டாலருக்குக் கிடைத்த 6502, இவர்களுடைய சரக்கு. (1984-ல் நம் மத்திய அரசு ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த பிபிசி மைக்ரோவுக்குள்ளும் அதே 6502 வகைதான்.) 1982-ல் கமோடர் 64 வந்தபோது விலை 595 டாலர். சிப் சொந்தத் தயாரிப்பு என்பதால் அடக்க விலை கையில் இருந்தது. அடுத்த வருடமே 200 டாலர் அளவுக்கு இறக்கினார். விலைச் சண்டையில் தாக்குப்பிடிக்காமல், 1983 அக்டோபரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுக் கம்ப்யூட்டர் தொழிலையே மூடியது. கமோடர் 64 ஒரு கோடிக்கு மேல் விற்றது.

வியாபாரத்தைப் போர் என்றே சொன்னவர் அவர். சப்ளையர்களுக்குப் பணத்தை இழுத்தடித்து, ‘குறைத்து வாங்கிக்கொள்கிறாயா’ என்று கேட்கும் பழக்கம் அவருக்கு உண்டு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். முகாம் வாழ்க்கையைக் காரணம் காட்டி இதை நியாயப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அதே முகாமிலிருந்து மீண்டவர்கள் எல்லோரும் இப்படி நடந்துகொள்ளவில்லை.

அதே மனிதர் ஜெர்மனியிலும் கம்பெனி நடத்தினார் என்பது என்னை யோசிக்க வைக்கிறது. அப்பா செத்த ஆலெமிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டரில், பிரவுன்ஷ்வைக் நகரில் கமோடர் தொழிற்சாலை. அங்கே ஜெர்மானியத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர் ஆலெமில் கைதியாக இருந்தவர்.

கமோடரை விட்ட ஆறே மாதத்தில், வார்னர் நிறுவனம் நஷ்டம் தாங்காமல் தலைமுழுக நினைத்த அடாரியின் வீட்டுக் கம்ப்யூட்டர், வீடியோ கேம் தொழிலை வாங்கினார். ரொக்கம் கொடுக்கவில்லை, கடன் பத்திரம்தான். மகன்களில் மூத்தவர் சாம், அடுத்து லெனர்ட், கேரி மூவரும் உள்ளே வந்தார்கள். லெனர்ட் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். மென்பொருள் பக்கம் அவர் பொறுப்பு. பழைய ஊழியர்களில் பெரும்பாலோர் வேலை இழந்தார்கள். அடாரி எஸ்டி கம்ப்யூட்டர் கொஞ்சம் ஓடியது, ஜாகுவார் வீடியோ கேம் கருவி ஓடவில்லை. 1995-ல் கம்பெனியை நடத்திவந்த சாமுக்கு மாரடைப்பு. அப்பா திரும்ப வந்து பொறுப்பேற்று, மறு வருடம் கம்பெனியை ஹார்டு டிஸ்க் தயாரித்த ஜேடிஎஸ்ஸுடன் இணைத்துக் கணக்கை முடித்தார்.

இன்னொரு கணக்கு பாக்கி இருந்தது. ஆலெமுக்குள் நுழைந்த அன்று அங்கிருந்தவர்களைப் படம் எடுத்த சிப்பாய் வெர்னன் டாட். அந்தப் படங்கள் ஐம்பது வருடம் அவர் வீட்டில் ஒரு ஷூ டப்பாவில் கிடந்தன. தொண்ணூறுகளில் அவற்றை எடுத்துக்கொண்டு பிழைத்தவர்களைத் தேடிக் கிளம்பினார். அப்படித்தான் டிரமியெலுக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை அருங்காட்சியகம் உருவாக உதவியவர்களில் டிரமியெலும் ஒருவர். அங்கே நன்கொடையாளர் பெயர் பொறிக்கும் சுவரில், தன்னை மீட்ட வீரர் என்று டாட்டின் பெயரைப் பொறிக்க வைத்தார்.

2012 ஏப்ரல் 8 அன்று, 83 வயதில் டிரமியெல் காலமானார். கமோடர் 1994-லேயே திவாலாகியிருந்தது. அடாரி என்ற பெயர் பல கை மாறியிருந்தது. ஹெலனும் மூன்று மகன்களும் இருந்தார்கள்.