வெள்ளெழுத்தும் பெரிய எழுத்தும்

இருபத்தேழாம் பக்கத்தில் பென்சிலால் போட்ட ஒரு சின்ன வட்டம். பக்கத்திலேயே ஒரு பெருக்கல் குறி. கொஞ்சம் தள்ளி 'ச' என்று ஒரு எழுத்து. அதற்கும் கீழே மங்கிப்போன ஒரு நட்சத்திரம். தஞ்சாவூர் மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றின் கிளை நூலகத்தில், அட்டை போய் மறுபடி பைண்டு செய்யப்பட்ட ரமணிசந்திரன் நாவல் ஒன்றில் பார்த்தது இது.

"வட்டம் என்னோடது தம்பி" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. படித்த புத்தகத்தையே தெரியாமல் மறுபடி எடுத்துப் போய்விடக் கூடாது என்பதற்காக வாசகிகள் போட்டுவைக்கும் அடையாளம் அது. பெருக்கல் குறி மேலத்தெருவில் இருந்த ஒரு மாமியுடையது. 'ச' யார் என்று இருபது வருடமாகத் தெரியவில்லை. "ஆனா அவங்க ருசி எனக்குத் தெரியும். 'ச' போட்ட புத்தகம் சோடை போனதே இல்ல."

வாசகர்கள் இப்போது என்ன படிக்கிறார்கள், படித்ததை எப்படி ரசிக்கிறார்கள் என்று எழுதுவதற்காக இரண்டு வாரம் சுற்றினேன். கிளை நூலகங்கள், மிச்சமிருக்கும் வாடகை நூல் நிலையங்கள், பழைய புத்தகக் கடைகள், மாவட்டத் தலைநகரில் நடந்த புத்தகக் கண்காட்சி எல்லாம் போனேன். 'தமிழர்கள் படிப்பதே இல்லை' என்ற பழைய புலம்பலுக்கு அங்கே இடமில்லை. படிக்கிறார்கள். கண்காட்சியில் கல்லூரிப் பிள்ளைகள் கைபேசியில் பட்டியல் வைத்துக்கொண்டு வந்து, பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். ஜெயமோகனின் 'அறம்' கேட்கிறார்கள். பெருமாள்முருகன் கேட்கிறார்கள். சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' இரண்டு பாகங்களையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் போகிறார்கள். சுஜாதாவின் அலமாரியில் கூட்டம் குறையவே இல்லை. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்லும் மொழிபெயர்ப்பு நூல்கள் அடுக்கடுக்காகப் போகின்றன. 'சேப்பியன்ஸ்' தமிழில் வந்ததைப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அப்பாவுக்குப் பரிந்துரை செய்துகொண்டிருந்ததைக் கேட்டேன்.

எல்லாவற்றையும் தாண்டி நிற்பது 'பொன்னியின் செல்வன்'தான். 1950இல் தொடராகத் தொடங்கி 1954இல் முடிந்த கதை. 2022இலும் 2023இலும் சினிமாவாக வந்தபிறகு, அதுவரை ஐந்து பாகத்தைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவர்களும் கையில் எடுத்துவிட்டார்கள். சினிமா பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்கள் முதலில் பேசுவது நந்தினியைப் பற்றி. இரண்டு பாகம் தாண்டியவர்கள் பூங்குழலியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஐந்தாம் பாகத்தை முடித்தவர்களுக்கு மட்டும்தான் சேந்தன் அமுதன் மேல் அப்படி ஒரு பாசம் வருகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி கடைசிவரை முடிச்சை முழுசாக அவிழ்க்காமல் விட்டதில் ஒருவருக்குக் கோபம், இன்னொருவருக்கு அதுதான் அழகு. எழுபது வருடத்துக்குப் பிறகும் ஒரு கதை இப்படிச் சண்டை மூட்டுகிறதென்றால் அதைவிட என்ன வேண்டும்!

இவ்வளவையும் நான் சந்தோஷமாகத்தான் குறித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தக் கிளை நூலகத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தபோது கண்ணில் பட்ட ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை.

ஆசிரியை ஒரு நாவலை அலமாரியிலிருந்து எடுத்தார். பெயரைப் பார்க்கவில்லை, ஆசிரியரைப் பார்க்கவில்லை. நேராக நடுப்பக்கத்தைப் பிரித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளினார். கையை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். வைத்துவிட்டார். அடுத்தது. அதையும் வைத்துவிட்டார். ஐந்தாவது புத்தகம்தான் தேறியது. அதைத் தேறவைத்தது கதையும் இல்லை, எழுதியவரின் பேரும் இல்லை. எழுத்தின் அளவு.

"எனக்கு அசோகமித்திரன் படிக்கணும்னு ஆசை. எல்லாரும் சொல்றாங்க. இங்க இருக்கிற பிரதியில எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. ரமணிசந்திரன்னா ஒண்ணு ரெண்டு பழைய பதிப்பு கொஞ்சம் பெரிய எழுத்துல இருக்கு. அதான் திரும்பத் திரும்ப அதையே எடுக்கறேன்" என்றார்.

வயதானவர்கள் லேசான குடும்ப நாவல்களைத்தான் விரும்புகிறார்கள் என்று நாம் எழுதுகிறோம், பேசுகிறோம். அவர்கள் விரும்பித்தான் எடுக்கிறார்களா, கண்ணுக்கு எட்டியதை எடுக்கிறார்களா என்று கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு நான் போன இடத்திலெல்லாம் இதையே கேட்டேன். கும்பகோணத்தில் வாடகை நூல் நிலையம் நடத்தும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "நிறுத்திட்டுப் போற மெம்பர்ல பாதிப் பேர் டிவி பார்க்கறதுக்காக நிறுத்தல சார். கண்ணு தெரியலேன்னு நிறுத்தறாங்க. கண்ணாடி போட்டும் தெரியல." ராஜேஷ்குமாரின் மாத நாவல்களை எழுபதாம் வயதிலும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டிருந்த ஒருவர், போன வருடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்து டெபாசிட்டை வாங்கிக்கொண்டு போனாராம்.

நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்வை இழந்து கெட்டிப்படுவதால் வருவது. ஊரில் சாளேசுரம் என்பார்கள். வெள்ளெழுத்து என்றும் ஒரு பேர் உண்டு. எழுத்து வெளுத்துப்போய்த் தெரிகிறது என்று கண்டவர் சொன்ன மாதிரியே ஒரு சொல். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போதும். அறுபதுக்குமேல் கண்புரையும் சேர்ந்துகொண்டால் கண்ணாடி மட்டும் போதாது. வெளிச்சமும் அதிகம் வேண்டும், எழுத்தும் பெரிதாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 75 லட்சம் பேர். இன்றைக்கு இன்னும் கூடுதல். வேலையிலிருந்து ஓய்வு, பிள்ளைகள் வெளியூரில், மதியம் முழுக்கத் தங்களுக்கே சொந்தம். வாசிப்பதற்கென்றே வாய்த்த வயது அது.

அதிலும் தமிழ் எழுத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'கி'க்கும் 'கீ'க்கும் நடுவே இருப்பது உச்சியில் ஒரு சுழி. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரே ஒரு வளைவுதான் வித்தியாசம். மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி, பொடி எழுத்தில் தாளின் அழுக்கா மையா என்றே தெரியாது. "'அவள் மனம் மாறியது'ன்னு இருக்கு. நான் 'மணம்'னு படிச்சுட்டு, யாரைக் கட்டிக்கிட்டான்னு ரெண்டு பக்கம் தேடிட்டேன்" என்றார் ஆசிரியை. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு னகர ணகர வேறுபாடு சொல்லிக்கொடுத்தவர் அவர். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

நூலகப் பிரதிகளில் இன்னொரு கஷ்டம். கிழிந்த புத்தகத்தைப் பக்கவாட்டில் ஊசி போட்டுத் தைத்துவிடுகிறார்கள். உள்ளோரத்தில் கால் அங்குலம் அந்தத் தையலுக்குப் போகிறது. ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ பள்ளத்துக்குள் விழுந்து கிடக்கும். விரித்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். மூட்டுவலி உள்ள கை அது.

கண் குறைந்தவர்களுக்கும் அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியவர்களுக்கும் புத்தகம் போடத் தமிழனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் பாதிக்கு மேலும் சந்தையிலும் திருவிழாவிலும் தெருவோரத்திலும் விற்றுத் தீர்ந்தவை 'பெரிய எழுத்து' புத்தகங்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, பெரிய எழுத்து மதனகாமராஜன் கதை. எழுத்தின் அளவையே புத்தகத்தின் பெயரில் சேர்த்து அட்டையில் போட்டு விற்ற காலம் அது! நடுவே கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்கள். மலிவுத் தாள்தான், பிழைகளும் உண்டு. படித்தவர்கள் 'குஜிலிப் பதிப்பு' என்று முகம் சுளித்தார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று இந்த வகைப் பதிப்புகளுக்கென்றே ஒரு நூல் எழுதியிருக்கிறார். திண்ணையில் அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டு ஒருவர் படிக்க, சுற்றிப் பத்துப் பேர் கேட்பார்கள். அந்த வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்பதுதான் அந்த அச்சுக்காரர்களின் கணக்கு. வாசகரின் கண்ணை நினைத்து எழுத்துக் கோத்தார்கள்.

இன்றைக்கு ஒன்றாம் வகுப்புப் பாடநூலில் எழுத்து பெரிதாக இருக்கிறது. பேத்திக்குப் பெரிய எழுத்து கிடைத்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு இல்லை. இங்கிலாந்தில் 1964இலேயே முதியவர்களுக்கென்று பெரிய எழுத்து நாவல்களைத் தனி வரிசையாக வெளியிடத் தொடங்கிவிட்டார்கள். அங்கே நூலகங்களில் அதற்கென்று தனி அலமாரி உண்டு. எழுத்து 16 புள்ளி அளவுக்குக் குறையாது. பெரிய எழுத்து என்ற சொல்லையே புத்தகத்தின் பெயராக வைத்திருந்த மொழியில் அந்த அலமாரி இல்லை.

பதிப்பாளர்களிடம் கேட்டால் ஃபாரம் கணக்கு சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. டெமி அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 11 புள்ளியில் 400 பக்கம் வரும் நாவல் 25 ஃபாரம். அதையே 14 புள்ளியில் கோத்தால் எழுத்து அகலத்திலும் உயரத்திலும் வளர்வதால் 650 பக்கத்தைத் தொடும். 40 ஃபாரத்துக்கு மேல். தாள், அச்சு, கட்டுமானம், தபால் எடை எல்லாம் ஏறும், விலையும் ஏறும். சரி. ஆனால் எதிர்த்திசையில் நடப்பதற்கு இந்தச் சமாதானம் போதுமா? கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனபிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானது. நல்ல பதிப்புகளும் வந்தன. இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டுகிற கதையை ஒரே கட்டில் திணித்த மலிவுப் பதிப்புகளும் வந்தன. புத்தகக் கடைக்காரர் ஒருவர் அப்படி ஒன்றைக் காட்டினார். வரிக்கு வரி இடைவெளியே இல்லை. கீழ்ப்பக்கத்து மை மேலே தெரிகிறது. இதைப் படித்து முடிக்க இருபது வயதுக் கண் வேண்டும். ஆனால் கல்கியை வாரா வாரம் காத்திருந்து படித்த தலைமுறையில் உயிரோடு இருப்பவர்கள் எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கதையை இன்னொரு தடவை படித்துவிட்டுப் போக வேண்டாமா?

கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே, கதையை ஒலிவடிவில் கேட்கலாமே என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். சிலருக்கு அது கைகொடுக்கிறது என்பதும் உண்மை. ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "பிள்ளை போட்டுக் குடுத்தான். கேக்கறேன், தூங்கிடறேன். முழிச்சுப் பார்த்தா கதை எங்கேயோ போயிருக்கு. புத்தகம்னா கண் அசந்த உடனே மார்ல விழுந்து எழுப்பிடும். விட்ட இடத்துல விரல் இருக்கும்." பூதக்கண்ணாடி? "ஒரு கையில அது, ஒரு கையில புத்தகம். பக்கத்தை எந்தக் கையால புரட்டறது?"

தமிழ்நாட்டுக்கு நூலகச் சட்டம் 1948இலேயே வந்தது. விடுதலைக்குப் பிறகு நாட்டில் முதலில் வந்த நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டி வருகிறோம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கு பிரெய்ல் பிரிவு இருக்கிறது. போய்ப் பார்த்தால் மனசு நிறையும். பார்வை முழுதும் இருப்பவருக்கு வழி உண்டு, இல்லாதவருக்கும் வழி உண்டு. பாதி இருப்பவருக்குத்தான் இல்லை. நூலகத்துக்கு வாங்கும் நாவல்களில் ஒரு பங்காவது 14 புள்ளிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், பதிப்பகங்கள் மறுநாளே எழுத்தைப் பெரிதாக்கும். நூலக ஆர்டரை நம்பித்தான் பல பதிப்பகங்கள் முதல் பதிப்பையே அச்சுக்கு அனுப்புகின்றன. ஜனவரியில் சென்னையில் புத்தகக் கண்காட்சி. 1977இல் தொடங்கியது, இப்போது மாவட்டம் மாவட்டமாகக் கண்காட்சிகள் நடக்கின்றன. ஒரு அரங்கிலாவது 'பெரிய எழுத்து' என்று பலகை தொங்கினால் அங்கே எத்தனை நரைத்த தலைகள் நிற்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வார இதழ்களையும் இதிலிருந்து விட்டுவிட முடியாது. இந்தக் கட்டுரையையும் அந்த ஆசிரியை ஜன்னலோரம் போய்த்தான் படிக்க வேண்டியிருக்கும்.

கிளம்பும்போது அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் தடிதடியாக மூன்று கட்டுகள். காலிகோ முதுகு, மேலே பழுப்புக் காகித அட்டை. 'பொன்னியின் செல்வன்' முதல் மூன்று பாகங்கள். கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் பக்கம் பக்கமாக 141 சதவீதம் பெரிதாக்கி எடுத்தது. ஒரு பக்கம் ஒரு ஏ4 தாளாகிறது. நாட்டுடைமை ஆன புத்தகம் என்பதால் கடைக்காரரும் தயங்கவில்லையாம். முதல் பாகத்துக்கு மட்டும் ஒரு மாதப் பென்ஷனில் கணிசமாகப் போய்விட்டது. "நகை வாங்கினா கேக்க மாட்டாங்க. இதுக்கு என் மருமக சிரிக்கறா" என்றார்.

முதல் பாகத்தைப் பிரித்தேன். இருபத்தேழாம் பக்கத்தில் வட்டம் இருந்தது. சொந்தப் பிரதியில் எதற்கு என்று கேட்டேன். பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் இருந்து இரண்டு பேர் வாங்கிப் போய்ப் படிக்கிறார்களாம். வட்டத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு முக்கோணம் ஏறியிருந்தது.

திரும்பும் வழியில் அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நான்காம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. இருபது வயது இருக்கும் பையனுக்கு. கண்ணாடியில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, மூடியை அழுத்தி, வெளியே வரும் தாளை எடுத்து அடுக்குகிறான். அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறான் போல என்று நினைத்தேன். என்ன தம்பி, எழுத்து விட்டுப்போகிறதா என்று கேட்டேன்.

"இல்லண்ணா. மூணாவது பாகம் நான் லீவுல இருந்தப்ப வேற பையன் எடுத்துட்டான். நடுவுல என்ன ஆச்சுன்னு தெரியாம முழிச்சிட்டிருக்கேன். டீச்சர் அந்தக் கட்டைக் குடுப்பாங்களா?"