ஏற்காட்டில் வீடு கட்டப் போகிறீர்களா? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஏற்காட்டில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டவர்கள் சேலத்திலும் சென்னையிலும் நிறைய பேர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு சின்ன வீடு, வாசலில் நாலு காபிச் செடி, சில்வர் ஓக்கில் ஏறும் மிளகுக்கொடி என்பது கனவு. கட்டத் தொடங்கும்போது வரும் சந்தேகங்களோ பெரும்பாலும் டைல்ஸ், பெயின்ட், மாடிப்படி பற்றியவை. சேர்வராயன் மலையில் முதல் கேள்வி வேறு: மேலேயிருந்து வரும் மழைத் தண்ணீர் உங்கள் மனையில் எந்த வழியாகப் போகப் போகிறது? சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், கீழே சேலத்தில் பெய்வதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மழை பெய்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி அந்தத் தண்ணீரைப் பற்றியதுதான்.

பத்திரமும் பட்டாவும் என் பெயரில் இருக்கின்றன. வேலையைத் தொடங்கலாமா?

அவை நிலம் உங்களுடையது என்று சொல்கின்றன. அங்கே வீடு கட்டலாம் என்று சொல்லவில்லை. முதலில் 'அ' பதிவேட்டு நகல், புலப்படம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று மூன்றையும் வாங்கிச் சேர்த்து வைத்துப் பாருங்கள். இந்த மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களைப் போன்றோருக்கு அரசு ஒப்படைத்த நிலமாக இருந்தால் பட்டாவில் நிபந்தனைகள் இருக்கும். கை மாறிய வரலாற்றில் ஒப்படை நிலம் எங்காவது எட்டிப் பார்த்தால், வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது மனைப்பிரிவு. பழைய காபித் தோட்டத்தைத் துண்டு போட்டு, சுண்ணாம்புக் கோடு இழுத்து விற்பது இங்கே புதிதல்ல. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகுதான் பலருக்குத் தங்கள் மனையின் நிலைமையே தெரிந்தது. விற்பவர் காட்டும் வரைபடத்தில் அங்கீகார எண் இருந்தால், அந்த எண்ணை நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் கொடுத்துச் சரிபாருங்கள். வண்ணத்தில் அச்சிட்ட மடிப்புத்தாள் சான்று ஆகாது.

மூன்றாவது, மலையிடப் பாதுகாப்பு. தமிழக அரசு 1990-இல் அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அலுவலகங்களில் 'ஹாக்கா' என்பார்கள். அதன் வரம்புக்குள் வரும் ஊர்களில் ஏற்காடு வட்டத்து ஊர்களும் அடக்கம். கட்டடத்தின் பரப்பு, உயரம், பயன்பாடு ஆகியவற்றைப் பொறுத்து கோப்பு போகும் பாதை மாறும். மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. 'என் மனையில் நான் நட்ட மரம்தானே' என்ற வாதம் அங்கே செல்லாது.

இணையத்தில் சுயசான்று கொடுத்தால் உடனே அனுமதி கிடைக்கிறதாமே?

2024 ஜூலையில் வந்த திட்டம் அது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்கானது. சமவெளியில் நல்ல வசதி. மலைப்பகுதிக்குத் தனி விதிகள் இருக்கின்றன. மண்ணின் தன்மையும் சரிவும் நேரில் பார்க்க வேண்டியவை. ஆகவே இதை மட்டும் நம்பி மலையில் வானம் தோண்ட வேண்டாம்.

மனை சரிவாக இருக்கிறது. ஜேசிபி வைத்து மட்டமாக்கி, சேலத்து வீட்டு பிளானையே போடலாமா?

மலையில் நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான். இரண்டு நாள் ஜேசிபி வாடகையில் முடிகிற வேலையாகத் தெரியும். மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்பினால் மைதானம் போல மட்டம் கிடைக்கும். வீட்டின் ஒரு பாதி பல்லாயிரம் ஆண்டுகளாக இறுகிய நிலத்தில் உட்காரும், மறுபாதி போன வாரம் கொட்டிய மண்ணில். இரண்டும் ஒரே அளவு இறங்காது. முதல் மழைக்காலம் முடிந்ததும் வீட்டின் குறுக்கே, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். கொத்தனார் அதைப் பூசி மூடுவார். அடுத்த மழையில் அது திரும்பி வரும்.

வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளிவிடுவது இன்னும் மோசம். பிடிப்பில்லாத அந்த மண்தான் முதலில் இறங்கும், பெரும்பாலும் கீழ்வீட்டுக்காரர் தோட்டத்துக்குள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதே மழையில் திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின் மேல் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். ஊறிய மண்ணில் துகள்களுக்கு இடையே நீர் புகுந்து பிடிப்பைத் தளர்த்துகிறது. கீழே அடிமண்ணை வெட்டியிருந்தால் தாங்கலும் போய்விடுகிறது.

வீட்டின் நீளத்தைச் சரிவுக்குக் குறுக்காக வைத்தால் வெட்டும் ஆழம் குறையும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் தரையை இரண்டு மட்டமாகப் பிரியுங்கள்: கூடம் மேலே, நாலு படி இறங்கினால் சமையலறை. நிலத்தின் போக்குக்கு வீட்டை வளைக்க வேண்டும் என்பதை வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். கேரளத்தில் பேர் வாங்குவதற்கு முன் இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல ஆண்டுகள் கட்டிப் பழகியவர் அவர். வீட்டுக்குள் படி இருந்தால் வயதானவர்களுக்குக் கஷ்டம் என்று சொல்வது நியாயமான கவலை. படுக்கையறையையும் குளியலறையையும் நுழையும் மட்டத்திலேயே வைத்துவிட்டால் அது தீரும்.

மூன்றடி தோண்டியதும் பாறை வந்துவிட்டது. அதன் மேலேயே அஸ்திவாரம் போடலாம் என்கிறார் மேஸ்திரி.

அது பாறையா, உருண்டைக் கல்லா என்று முதலில் தெரிய வேண்டும். சேர்வராயன் மலையின் கல் சார்னோக்கைட் வகை. அது மேலிருந்து சிதையும்போது சிவப்பு மண்ணுக்குள் பெரிய பெரிய உருண்டைகள் சிதையாமல் தங்கிவிடும். கடப்பாரை 'ணங்' என்றதும் மலைப்பாறை வந்ததாக நினைத்துவிடுகிறோம். நாலடி தள்ளிக் குத்தினால் கடப்பாரை மண்ணில் இறங்கும். ஒரு குழி கல்லின் மேலும், பக்கத்துக் குழி மண்ணின் மேலும் நின்றால் முன் சொன்ன விரிசல் கதைதான். எல்லாத் தூண் குழிகளையும் தோண்டி முடித்த பிறகு, கான்கிரீட் போடும் முன், ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குத் தரும் கட்டணம் ஒரு கதவின் விலைகூட வராது.

மனையையே வாங்கும் முன் சுற்றி ஒரு நடை நடந்து பார்ப்பதும் நல்லது. மரங்களின் அடிப்பகுதி வளைந்து மேலே நிமிர்ந்திருக்கிறதா, மின்கம்பம் சாய்ந்திருக்கிறதா, மேல்சரிவில் பிறை வடிவில் நிலம் பிளந்திருக்கிறதா? இவை மண் மெல்ல நகர்வதன் அடையாளங்கள். காய்ந்த ஓடைத்தடத்தின் குறுக்கே உள்ள மனை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஓடை ஒருநாள் தன் வழியைக் கேட்கும்.

தாங்குசுவர் கட்டியாயிற்று. இனி பயமில்லைதானே?

சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டடி கனத்துக்குக் கருங்கல் கட்டு, மேலே சிமென்ட் பூச்சு, பார்க்கக் கோட்டை மாதிரி இருக்கும். பின்னால் வெறும் மண்ணை அடைத்துவிட்டால் மழையில் அது ஊறி, நீரின் அழுத்தத்தையும் சேர்த்துச் சுவரைத் தள்ளும். சுவரின் முதுகோடு ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். ஏறத்தாழ ஐந்தடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றே சாய்வாக, மூன்று அங்குல பி.வி.சி. குழாய்கள் பதிக்க வேண்டும். சுவருக்கு மேலே, வெட்டிய விளிம்பிலிருந்து தள்ளி, ஒரு கச்சா வாய்க்காலாவது இழுத்து, வரும் நீரை ஓரமாகத் திருப்ப வேண்டும்.

முதல் பெருமழை அன்று குடை பிடித்துக்கொண்டு போய் அந்தக் குழாய்களைப் பாருங்கள். தெளிந்த நீர் சொட்டினால் சரி. கலங்கல் வந்தால் உள்ளே ஜல்லி ஒழுங்காக இல்லை, மண் அரித்து வெளியேறுகிறது. குழாய் காய்ந்திருந்து சுவர் மட்டும் ஈரமாக இருந்தால் அடைத்துக்கொண்டது என்று பொருள். அதுதான் ஆபத்தானது.

இடம் மிச்சம் என்று வீட்டின் பின்சுவரையே தாங்குசுவராக ஆக்குகிறார்கள் சிலர். ஆண்டு முழுக்க அந்த அறையில் ஓதம் இறங்கும், அலமாரித் துணியில் பூஞ்சை பூக்கும். இரண்டுக்கும் நடுவில் மூன்று நான்கடி விட்டு, அங்கே ஒரு வடிகால் போடுங்கள்.

மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்கிறார்கள். வீட்டைச் சுற்றிக் குழி தோண்டிவிடவா?

2003-இல் தமிழகம் முழுக்கக் கட்டாயமான ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடும்கூட. ஆனால் சமவெளியில் செய்வதுபோல, வெட்டிய சரிவுக்கு மேலே உறிஞ்சு குழி தோண்டினால் நாமே மண்ணுக்குள் நீரை ஊற்றிச் சரிவை ஊற வைக்கிறோம். மலையில் கூரை நீரைத் தொட்டியில் பிடியுங்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் பணம் மிச்சமாகும். நிரம்பி வழிவதைக் குழாய் மூலம் பாறைத்தடத்துக்கோ ஓடைக்கோ கொண்டுபோய் விடுங்கள். செப்டிக் டேங்க்கின் உறிஞ்சு குழிக்கும் இதே கணக்கு: வீட்டுக்கும் தாங்குசுவருக்கும் மேல்பக்கம் வேண்டாம், கீழே ஊற்று இருக்கும் பக்கமும் வேண்டாம்.

மொட்டை மாடியா, ஓட்டுக் கூரையா?

சாய்கூரை. அழகுக்காகச் சொல்லவில்லை. இங்கே மழை நேராகப் பெய்வதைவிடக் காற்றோடு சாய்ந்து அடிப்பது அதிகம், அதன்பின் மூடுபனி ஈரத்தைக் காயவிடாது. பழைய எஸ்டேட் பங்களாக்களின் ஓட்டுக் கூரை சுவரைத் தாண்டி இரண்டடி மூன்றடி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவர் நனையாமல் இருக்க அதைவிட நல்ல பெயின்ட் இன்னும் வரவில்லை. மொட்டை மாடிதான் வேண்டும் என்றால் அதன் மேல் ஒரு தகரச் சாய்ப்பையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். எப்படியும் மூன்றாம் வருஷம் போடத்தான் போகிறீர்கள்.

சேலம் பக்கம் நிலநடுக்கம் பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், கம்பியில் கஞ்சத்தனமும் வேண்டாம். பல ஆண்டுகளாகப் பொறியாளர்கள் பயன்படுத்தும் நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலம். அடித்தளத்திலும் லிண்டல் மட்டத்திலும் சுற்றி வரும் பெல்ட் கான்கிரீட்டை விட்டுவிடாதீர்கள்.

எந்த மாதம் தொடங்குவது?

ஜனவரியில். இங்கே கோடை மழை, தென்மேற்கு, வடகிழக்கு என்று ஒன்று போனால் ஒன்று வரும். மண்வேலையும் தாங்குசுவரும் ஏப்ரலுக்குள் முடியும்படி திட்டமிடுங்கள். நடுவில் நிறுத்திய வெட்டுச்சரிவை மழையில் விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடாதீர்கள். சிமென்ட்டை இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவருவது செலவு என்பதற்காக மொத்தமாக வாங்கி அடுக்கினால், மூன்று மாதத்தில் இந்த ஈரக்காற்று அதன் பலத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். அவ்வப்போது தேவைக்கு ஏற்றி வாருங்கள். பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பனி இறங்குகிறது, நீராற்ற வேண்டாம் என்று சொல்லும் மேஸ்திரியிடம், பிப்ரவரி மதியக் காற்றில் கான்கிரீட் மேல் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தது பத்து நாள் சாக்கு போட்டு நனைத்தே ஆக வேண்டும். அதற்கான கூலியையும் தண்ணீரையும் ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.