இரண்டாவது ரிமோட் எங்கே?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் டயரைப் பார்க்கிறார்கள், எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், ஆர்.சி.யைச் சரிபார்க்கிறார்கள். ரிமோட் எத்தனை என்று கேட்பவர்கள் குறைவு. விற்பவர் ஒன்றை நீட்டி, "இன்னொன்று எங்கேயோ தொலைந்துவிட்டது" என்றால் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். தொலைந்த அந்த ரிமோட் இன்னமும் அந்தக் காரைத் திறக்கும்.

ரிமோட்டைப் புரோகிராம் செய்வதென்றால் அதற்குள் எதையோ ஏற்றுகிறார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் கற்றுக்கொள்வது கார்தான். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கார் அதைத் தன் நினைவில் எழுதிக்கொள்கிறது.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டை ஒட்டி விற்பனையான பல ஃபோர்டு வண்டிகளில் இதற்குத் தனிக் கருவியே வேண்டாம். கதவுகளைச் சாத்திக்கொண்டு, 10 விநாடிக்குள் சாவியை 8 முறை ஆஃபிலிருந்து ரன்னுக்குத் திருப்ப வேண்டும். கதவுகள் தாமாகப் பூட்டித் திறக்கும். உடனே ரிமோட்டில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் பூட்டு மறுபடி அசையும், பதிந்துவிட்டது. அடுத்து இரண்டாவது ரிமோட். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பதிய வேண்டும், ஏனென்றால் பழைய பட்டியல் அழிந்துவிடும். சிலருக்கு இது தொந்தரவு. என்னைக் கேட்டால், இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கையில் இல்லாத ரிமோட் அந்த நிமிடமே செல்லாக்காசு!

இன்றைய கார்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டித்தான் பதிய முடியும்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றதும் அங்கே ஓடவும் வேண்டாம். முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால், ரிமோட்டின் கணக்கு காரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அலையைப் பிடித்து வைத்துத் திருடன் திரும்ப அனுப்பக் கூடாது என்பதற்காக, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ரிமோட் அனுப்பும் குறியீடு மாறுகிறது. தென்னாப்பிரிக்காவில் 1980களில் உருவான கீலாக் என்ற முறை இந்த வகையில் பெயர்பெற்றது. ரிமோட்டும் காரும் ஒரே எண்ணிக்கையைத் தொடர்கின்றன. கடந்துபோன எண்ணைக் கார் ஏற்காது. குழந்தை வீட்டுக்குள் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் ரிமோட்டின் கணக்கு வெகுதூரம் முன்னே போய்விடும், கார் அதையும் ஏற்காது. காருக்குப் பக்கத்தில் நின்று இரண்டு முறை தொடர்ந்து அழுத்தினால், கீலாக் போன்ற முறைகளில் கணக்கு நேராகிவிடும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ரிமோட்டை மட்டும் வாங்கிப் பதிந்தால் கதவு திறக்கலாம், எஞ்சின் ஓடாது. அதற்கு அனுமதி தருவது இம்மொபிலைசர். சாவியின் தலைப்பகுதியில் இருக்கும் அதன் சில்லுக்குப் பேட்டரியே தேவையில்லை. அதைத் தனியாகப் பதிய வேண்டும்.

பழைய கார் வாங்கினால், முதல் வேலையாக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதைப் பல கார்களில் ஸ்கேனர் காட்டிவிடும். ரிமோட், இம்மொபிலைசர் இரண்டிலும் பழைய பதிவுகளை அழித்து, உங்கள் கையிலிருப்பதை மட்டும் பதியச் சொல்லுங்கள். ஒரே சாவிதான் கிடைத்தது என்றால் விற்றவரிடம் அதை எழுதி வாங்குங்கள். கார் திருடுபோய் இழப்பீடு கேட்கும்போது, காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாச் சாவிகளையும் கேட்பது நம் நாட்டில் வழக்கம்.