உங்களுக்குத் தெரியுமா? 'ரன்' என்றால் ஓடுவது மட்டுமல்ல!

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள்கள் கொண்ட வினைச்சொல் 'ரன்'. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இச்சொல்லுக்குப் பிரித்தெடுக்கப்பட்ட பொருள்கள் 645. இந்த ஒரு சொல்லை ஆராய்ந்து எழுதி முடிக்க அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆனது!

● 1989-ல் வெளியான இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற வினைக்கு: 430 பொருள்கள்.

● அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓடுவதும், அந்தப் பட்டறையை முதலாளி நடத்துவதும், ஆவடிக்கு மின்சார ரயில் விடுவதும் ஆங்கிலத்தில் 'ரன்'தான். 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத் தோட்டத்துக்கும் இடையே மெட்ரோ ரயிலை ஓட்டிப் பார்த்தார்களே, அதுவும் 'டிரையல் ரன்'.

● தமிழில் இடத்துக்கேற்பச் சொல் மாறும். மூக்கு ஒழுகும், துணியில் சாயம் போகும், ஆறு பாயும், கடையை நடத்துவோம். ஆங்கிலத்தில் நான்குக்கும் 'ரன்' பொருந்தும்.

● அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் 'ரன்' செய்கிறார். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' செய்கிறார். தமிழ்நாட்டிலும் வேட்பாளர் நிற்கத்தான் செய்கிறார்!

● நம் 'ஓடு' என்ற வினையும் சளைத்ததல்ல. படம் ஓடும், கடிகாரம் ஓடும், வியாபாரம் ஓடும், வருடங்கள் ஓடும். பதற்றத்தில் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது.

மாணவர்களே, அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். வாக்கியத்துக்கு எது பொருந்துகிறது என்று கடைசிவரை படித்துப் பாருங்கள்.