வீழ்ந்த மலைமுகம்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிரான்கோனியா கணவாய்ச் சாலை வழியே சென்றோர், கேனன் மலைமீது முதியவர் ஒருவரின் முகத்தைப் பக்கவாட்டில் கண்டு வியந்தனர். ஏறத்தாழ 40 அடி உயரமிருந்த அம்முகம் சிற்பியின் கைவேலையன்று. கருங்கற்பாளங்கள் சில துருத்தி நின்றதால் நேர்ந்த தோற்றமே.

பாறை வெடிப்பினுள் புகுந்த நீர் உறையும்பொழுது அதன் பருமன் சுமார் 9 சதவிகிதம் பெருகுகின்றது. ஆப்பு அறைந்தாற்போல் வெடிப்பு அகலுகின்றது. முகத்தைச் செதுக்கியதும் இவ்வாறு உறைந்த நீர்தான், குலைத்ததும் அதுவே. 1916-இல் நெற்றிப்பாறையை இரும்பால் பிணைத்தனர். 1958-இல் எஃகுத் தண்டுகளும் சிமெண்டும் இட்டனர். எனினும், 2003 மே 3-ஆம் நாள் முகம் சரிந்து வீழ்ந்தது. இன்று மலையடியிலுள்ள ஏரிக்கரையில் எஃகுக் கம்பங்கள் நாட்டப்பெற்றுள்ளன. உரிய இடத்தில் நின்று நோக்குவோருக்குக் கம்பத்தின் விளிம்பே பழைய முகமாக மலைமீது பொருந்தித் தெரிகின்றது.