கொரங்காட்டில் ஓர் இரவு: முதலில் நிழல், கடைசியில்தான் கீரை

பந்திப்பூர் காட்டில் பேர் கிரில்ஸுடன் ரஜினிகாந்த் சுற்றிய நிகழ்ச்சி 2020 மார்ச்சில் ஒளிபரப்பானது. அதைப் பார்த்த பலருக்கும், காட்டில் தப்பிப் பிழைப்பதென்றால் கத்தி, கயிறு, கண்டதையும் வாயில் போடும் துணிச்சல் என்ற எண்ணம்தான் மிஞ்சியது. கொங்கு நாட்டு வெள்ளகோவில் பக்கம் அப்படி அடர்ந்த காடு கிடையாது. நொய்யலுக்கும் அமராவதிக்கும் நடுவே கிடக்கும் வறண்ட மேட்டு நிலம் இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றியே நிற்கிறது. ஆனாலும் இந்த மண்ணில் ஆடு மேய்த்தவர்கள், கூரை போடுவதையும் பச்சிலை தேடுவதையும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். அவர்கள் செய்வதில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று பார்க்கலாம்.

உயிர்பிழைப்புப் பயிற்சி தருபவர்களிடம் மூன்றின் கணக்கு ஒன்று உண்டு. காற்றில்லாமல் 3 நிமிடம், கடும் வெயிலிலோ குளிரிலோ மறைப்பில்லாமல் 3 மணி நேரம், தண்ணீரில்லாமல் 3 நாள், உணவில்லாமல் 3 வாரம். இது ஆளுக்கு ஆள் மாறும். அளந்து சொன்ன எண் அல்ல. எதை முதலில் தேடுவது என்ற வரிசையை நினைவில் வைக்க உதவும், அவ்வளவுதான். தொலைக்காட்சி இந்த வரிசையைத் தலைகீழாக்கி, தீனியை முன்னால் வைக்கிறது. இங்குள்ள மேய்ச்சல் நிலமான கொரங்காடு அதை நேராக வைத்திருக்கிறது.

மூன்று தாவரம், ஒரு நிலம்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்தின் மேய்ச்சல் நிலமே கொரங்காடு. தரையில் கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வெள்வேலின் இலைகள் மிகச் சிறியவை. அவற்றின் நிழல் ஆட்டையும் ஆளையும் காக்கும். அடியில் இருக்கும் புல்லைச் சாகடிக்காது. கோடையில் புல் காய்ந்து தீர்ந்தபின் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீவனமாகிறது. விதை ஆட்டின் வயிற்றைக் கடந்து புழுக்கையோடு விழுந்து எளிதாக முளைக்கிறது. கிளுவைக் குச்சியை வெட்டி நட்டால் வேர் பிடித்துவிடும். முள் இருப்பதால் வேலிக்கு வேறு கம்பி தேவையில்லை.

இந்த நிலத்தில் ஒருவர் வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் முதல் எதிரி வெயில். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. நேர் வெயிலில் நிற்பவரின் உடம்பு காற்றின் வெப்பத்தோடு சூரியனின் கதிர்வீச்சையும், தரை திருப்பி அனுப்பும் வெப்பத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். ஒரு வெள்வேல மர நிழல் இதில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். வியர்வை குறையும், குடிக்க வேண்டிய தண்ணீரும் குறையும். அதனால்தான் நிழல் தண்ணீருக்கும் முந்தியது.

காற்றைப் பார்த்துக் கூரை

இரவுக்கு மறைப்பு வேண்டும். கொங்கு நாட்டின் தோட்ட வீடுகளான சாளைகளின் கூரை பனையோலையால் ஆனது. ஆட்டுப்பட்டிக் காவலுக்குப் போடும் சின்னக் குடிசைக்கும் அதே நுட்பம்தான். கவட்டையுள்ள இரண்டு குச்சிகளை ஊன்றி, மேலே ஒரு நீளக் குச்சியை முகடாக வைக்க வேண்டும். இருபக்கமும் சாய்வாகக் குச்சிகளைச் சார்த்தி, குறுக்கே மிலாறு கட்டி, ஓலையைக் கீழிருந்து மேலாக வேய வேண்டும். மேல் ஓலையின் நுனி கீழ் ஓலையின் பாதி வரைக்கும் இறங்க வேண்டும். கட்டுவதற்குப் பனைநாரோ கற்றாழை நாரோ போதும்.

கூரையின் சரிவுதான் உயிர்நாடி. மழைத்துளி ஓலையின் நரம்பைப் பிடித்துக்கொண்டு வழிந்தோடும். சரிவு 45 பாகைக்குக் குறையாமல் இருந்தால் நீர் உள்ளே கசியுமுன் நுனிக்கு வந்து சொட்டிவிடும். தட்டையாகப் போட்ட கூரையில் அதே நீர் தங்கி, ஓலை இடுக்கில் இறங்கி, படுத்திருப்பவர் மேல் விழும். பனையோலையின் மேல்பரப்பில் இருக்கும் மெழுகுப் பூச்சும் நீரை ஒட்டவிடாது. ஓலை அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தகரக் கொட்டகை உலையாகும் மதியத்திலும் ஓலைக்குடிசையில் உட்கார முடிவது இதனால்தான்.

வாசல் எந்தப் பக்கம் என்பதைப் பாலக்காட்டுக் கணவாய் தீர்மானிக்கிறது. மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் அந்த இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்குண்டு வேகமெடுக்கிறது. மழையின் பெரும்பங்கைக் கேரளத்திலேயே இறக்கிவிட்டு, வெறும் காற்றாகக் கொங்கு நாட்டுக்குள் புகுகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது இந்த ஆடிக்காற்றில்தான். ஆகவே வைகாசி முதல் ஆவணி வரை போடும் குடிசைக்கு முதுகு மேற்கே, வாசல் கிழக்கே இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் வடகிழக்கிலிருந்து வரும்; அப்போது கிழக்கு வாசல் நனைந்துவிடும்.

இடம் தேர்வதில் செய்யக்கூடாதவை சில உண்டு. ஓடைக்குள் மணல் மெத்தென்று இருக்கிறதே என்று படுக்கக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழை இரவோடிரவாக வெள்ளமாக வரும். இடி மழைக் காலத்தில் தனித்து நிற்கும் பனையடியில் ஒதுங்கக் கூடாது. புற்றுக்குப் பக்கத்தில் கூரை போடக் கூடாது.

தரையில் படுக்கவும் கூடாது. கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. அது தரையில் தூங்குபவரைக் கடித்தால் பெரிதாக வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிற்று வலியும் இமைச் சரிவுமாக விஷம் தலைக்கேறியிருக்கும். பட்டிக்காவலுக்குப் போகிறவர் கயிற்றுக்கட்டிலைத் தலையில் சுமந்து போவது சொகுசுக்காக அல்ல. கட்டில் இல்லையென்றால் கவட்டைக் குச்சிகளில் மிலாறு அடுக்கி, தரையிலிருந்து இரண்டடியாவது உயரத்தில் படுக்கை அமைக்கலாம். கொசுவலையை விரித்து ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிவிட்டால் பாதுகாப்பு இன்னும் கூடும்.

சுற்றிலும் வேலாமுள் அடைப்பதும் பழைய வழக்கம். முன்பு அது நரிக்காக. இப்போது வெள்ளகோவில், காங்கயம் பகுதிகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறுவதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடுவதும் அடிக்கடி செய்தியாகின்றன. முள்ளுக்கு வேலை குறையவில்லை.

முருங்கை விதையும் கலங்கல் நீரும்

அடுத்தது தண்ணீர். வறண்ட ஓடையிலும் வளைவின் வெளிப்பக்க மணலில் ஊற்றுத் தோண்டினால் ஈரம் கிடைக்க வாய்ப்புண்டு. வருவது பெரும்பாலும் கலங்கல்தான். இங்கேதான் வெள்ளகோவில் வட்டாரத்தின் பயிர் கைகொடுக்கிறது. முற்றிக் காய்ந்த முருங்கை விதையின் தோலை உரித்து, வெள்ளைப் பருப்பைப் பொடித்து, லிட்டருக்கு ஒரு விதை வீதம் சிறிது நீரில் கரைத்து ஊற்ற வேண்டும். ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரமாவது அசையாமல் வைத்தால் மண் அடியில் படிந்துவிடும். களிமண் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம். அவை ஒன்றையொன்று தள்ளுவதால்தான் நீரில் மிதக்கின்றன. முருங்கை விதைப் புரதத்துக்கு நேர்மின்னூட்டம். அது துகள்களைச் சேர்த்துத் திரட்டிக் கீழே இறக்கிவிடுகிறது. கிருமியும் ஓரளவு அதோடு இறங்கும், முழுவதும் இறங்காது. எனவே தெளிந்த நீரை வடித்துக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

நொய்யலோரம் இந்தப் பாடம் செல்லாது. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையின் கதை எல்லோரும் அறிந்ததே. சாயக்கழிவின் உப்பைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. நீர் ஆவியாக ஆவியாக உப்பின் செறிவு கூடவே செய்யும். மனிதர் கெடுத்த நீருக்குக் காட்டு வைத்தியம் கிடையாது.

தழைத்திருப்பதெல்லாம் கீரை அல்ல

மழை பெய்து பத்து நாளில் கொரங்காட்டிலும் சோளக்காட்டிலும் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை, சுக்குட்டிக்கீரை எல்லாம் தலைகாட்டும். யாரும் விதைப்பதில்லை. இலந்தையும் சூரையும் காரையும் தத்தம் பருவத்தில் பழுக்கும். வேலியில் பிரண்டை ஏறியிருக்கும். அதன் கணுவை நீக்கி, நாருரித்து, எண்ணெயில் வதக்கிப் புளி சேர்க்காவிட்டால் உள்ளே இருக்கும் ஆக்சலேட் படிகங்கள் தொண்டையை அரிக்கும். பனையோ சித்திரையில் நுங்கு, ஆவணியில் பழம், தை மாதத்தில் கிழங்கு என்று முறை வைத்துத் தருகிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கோவை, சேலம் மாவட்டங்கள் கடுமையாக அடிபட்டன. அந்தப் பஞ்சத்தின் நினைவுகளில் இத்தகைய செடிகளின் பெயர்கள் இன்றும் கேட்கின்றன.

கீரை பறிக்கப் போகும் பேத்தியிடம் அமுச்சி சொல்வது ஒன்றுதான்: “பூ எடுத்தத உட்டுரு கண்ணு, கொழுந்தாப் பாத்துக் கிள்ளு.” முற்றிய இலையில் நார் கூடுதல் என்பது பொதுவான தாவர உண்மை, அமுச்சி அதை நாக்கால் அறிந்தவர்.

ஆனால் கீரையால் வயிறு நிறையுமே தவிர உடம்புக்குத் தெம்பு வராது. 100 கிராம் கீரையில் 40 கிலோகலோரி இருந்தாலே அதிகம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கே நாளுக்கு 1,500 கிலோகலோரி வேண்டும். அந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்ட நான்கு கிலோ கீரை தின்ன வேண்டும். அதற்கு ஆடாகப் பிறந்திருக்க வேண்டும்.

ஆடு என்றதும் ஒரு பழைய நம்பிக்கை நினைவுக்கு வரும்: ஆடு தின்பதை ஆளும் தின்னலாம் என்பது. இது ஆபத்தான பொய். ஆட்டுக்குத் தீவனமாகும் சவுண்டல் தழையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. மற்ற விலங்குகளில் அது முடி உதிர்வை உண்டாக்கும். ஹவாய்த் தீவு ஆடுகள் அதைத் தின்றும் நலமாக இருப்பதைக் கண்ட ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் வயிற்றில் அந்த நச்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் இருப்பதாகக் காட்டினார். 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பெயராலேயே சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சி என்று பெயரிட்டார்கள். ஆட்டின் முதல் வயிற்றில் இருக்கும் அந்தக் கூட்டணி நம் வயிற்றில் இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து நம் கண்முன்னே பூத்து நிற்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர், தாராபுரம், வெள்ளகோவில் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அதன் விதையிலிருந்து எடுக்கும் கொல்சிசின், கீல்வாத மருந்தாக விற்பனையாகிறது. அதே கொல்சிசின் கிழங்கிலும் இருக்கிறது. சர்க்கரைவள்ளி என்று எண்ணி இதை வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் உண்டு. வேகவைப்பதால் இந்த நஞ்சு போகாது. உடலின் செல்கள் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்களை அது முடக்குகிறது. வேகமாகப் பிரியும் செல்கள் உள்ள குடலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் வீழ்கின்றன. முறிமருந்து நம்மிடம் இல்லை.

அமெரிக்க ராணுவக் கையேட்டில் தெரியாத செடியைச் சோதிக்க ஒரு முறை உண்டு: தோலில் தேய், உதட்டில் வை, சிறிது விழுங்கி 8 மணி நேரம் காத்திரு. இணையத்தில் பலரும் இதைப் பாடமாகச் சொல்கிறார்கள். கொல்சிசின் நஞ்சு சில வேளை 12 மணி நேரம் கழித்தே வாந்தி பேதியாகத் தலைகாட்டும். சோதனையில் தேறிவிட்டது என்று வயிறு நிறையத் தின்றபின் அறிகுறி வந்தால் யாரால் என்ன செய்ய முடியும்?

பழங்குடியினர் யாரும் இப்படிச் சோதித்துச் சாப்பிடுவதில்லை. ஆனைமலைக் காடர்கள் காட்டு வள்ளிக்கிழங்கின் வகைகளைக் கொடி சுற்றும் திசை, இலை, முள் பார்த்துப் பிரித்தறிகிறார்கள். எதைச் சுட்டுத் தின்பது, எதைச் சீவி ஓடும் நீரில் ஊறப்போட்டுக் கசப்பு நீக்குவது என்பது அவர்களுக்குச் சிறு வயதிலேயே பழகிய அறிவு. இன்னதென்று அடையாளம் தெரியாவிட்டால் தொடமாட்டார்கள். மூன்று வாரம் தாங்கும் பசிக்காக இரண்டே நாளில் உயிரைப் பணயம் வைப்பது மூடத்தனம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும், மரம் வெட்டுவதும், கிழங்கு தோண்டுவதும் குற்றம். சிறு வன மகசூல் சேகரிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் அங்கேயே வாழும் மக்களுக்குத் தந்திருக்கிறது. மலையேற விரும்புவோருக்கு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வழிகாட்டிகளோடு போகும் பாதைகள் இருக்கின்றன.

இந்த அறிவைக் கற்க மலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கொரங்காடுகள் இன்று மனைகளாகவும் சூரியமின் பண்ணைகளாகவும் மாறி வருகின்றன. புல் போனால் கீரையின் பெயரும் கூடவே போகும். வெள்ளகோவில், காங்கயம் பள்ளிகளின் தேசியப் பசுமைப் படை ஆசிரியர்கள் ஐப்பசி முதல் மழைக்குப் பின் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைப் பக்கத்துக் கொரங்காட்டுக்கு அழைத்துப் போகலாம். பாடம் நடத்த ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர் போதும். தின்னக்கூடிய ஐந்து செடிகளை அவர் காட்டட்டும். தொடக்கூடாத ஐந்தை அதற்கு முன்பே காட்டிவிடட்டும். யாராவது தவறிப்போய்த் தின்றுவிட்டால், வாந்தி நின்றதென்று வீட்டில் காத்திருக்காமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.