சுவரில் ஓர் ஊர்க்கதை

கிராம மக்களுக்குச் செய்தி சொல்லத் தண்டோரா உண்டு, ஒலிபெருக்கி உண்டு, பஞ்சாயத்து அலுவலகத்தில் அறிவிப்புப் பலகையும் உண்டு. ஆயினும் சோமனூர் வட்டாரத்தில் இவை முழுப்பயன் தருவது அரிது. இரவும் பகலும் விசைத்தறிகள் ஓடும் ஊரில் ஒலிபெருக்கியின் குரல் தறியோசையில் அமிழ்ந்துவிடும். பலகையிலுள்ள சட்டமொழியை நின்று படிக்கத் தறிக்காரருக்கும் நேரமில்லை, உழவருக்கும் நேரமில்லை. இத்தகைய ஊர்களுக்கு ஏற்ற சாதனம் படக்கதையாகும்.

படக்கதை சிறுவர் பொழுதுபோக்கே என்று சிலர் கருதலாம். சிவகாசியைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டில் அங்கிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. இங்கிலாந்து நாட்டுக் கதையொன்று ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் அதன் முதல் இதழாயிற்று. 1984-இல் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸும் தோன்றியது. பெருநகரத்துப் பத்திரிகை நிறுவனம் எதையும் சாராமல், வாசகர் சந்தாவையே பெருந்துணையாகக் கொண்டு இவை இன்றளவும் வெளிவருகின்றன. அன்று சிறுவராக வாசித்தோர் நரைத்த தலையோடும் வாசித்து வருகின்றனர். படத்தோடு கூடிய கதையில் தமிழருக்குள்ள பற்றுக்கு இதுவே சான்று.

எனினும் அவ்விதழ்களில் வருவன பெரும்பாலும் பிறநாட்டுக் கதைகள். நம் ஊர்க்கதையை நாமே வரைய இயலாதா? இயலும் என்று காட்டியவர் ஷரத் சர்மா என்னும் கேலிச்சித்திரக்காரர். அவர் நிறுவிய ‘வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா’ என்னும் அமைப்பு, ஓவியம் பயிலாத எளிய மக்களுக்கும் சுவர்ப் படக்கதை வரையும் முறையைப் பல மாநிலங்களில் கற்பித்துள்ளது.

அம்முறை மிக எளிது. இரண்டு ஏ4 தாள்களை ஒட்டி நான்கு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். முதற்கட்டம் ஆளையும் பிரச்சினையையும் காட்டும். இரண்டாவது அதனை வளர்க்கும். மூன்றாவதில் திருப்பம் நேரும். நான்காவதில் முடிவு அமையும். கறுப்பு மையில் வரைந்தால் ஜெராக்ஸ் எடுப்பது எளிது, செலவும் குறைவு. முதலில் பேசுபவரை இடப்புறம் நிறுத்த வேண்டும். இல்லையேல் பேச்சின் வரிசை குழம்பும். எழுத்துகள் எட்ட நின்றும் படிக்கத்தக்க அளவில் இருத்தல் அவசியம்.

உதாரணமாக, அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 ஏரி குளம் குட்டைகளுக்கு நீர் தருவது அதன் நோக்கம். வரும் நீரைக் காப்பது ஊராரின் கடமையன்றோ? முதற்கட்டத்தில் ஒருவர் தறிக்குடோன் கழிவுப் பஞ்சைக் குட்டையில் கொட்டுகிறார். இரண்டாவதில் நீர் வருகிறது, குப்பை மிதக்கிறது. மூன்றாவதில் அவருடைய மாடே அந்நீரைக் குடிக்க மறுத்து முகம் திருப்புகிறது. நான்காவதில் அவரே கூடையும் மண்வெட்டியும் கொண்டு இறங்குகிறார். நூறு அறிக்கைகள் சொல்வதை அந்த மாடு சொல்லிவிடும்!

வரைந்த படத்தை முதலில் நாலு பேரிடம் காட்டி, அவர்களுக்குப் பொருள் விளங்குகிறதா என்று சோதிப்பது நன்று. பின்னர் நகலெடுத்து ரேஷன் கடை, பால் சொசைட்டி, பேருந்து நிறுத்தம், தேநீர்க்கடை ஆகிய இடங்களில், அங்குள்ளோரின் இசைவு பெற்று ஒட்டலாம். கிராம சபை கூடுவதற்குச் சில நாள் முன்னரே ஒட்டினால், அன்று பேச வேண்டிய பொருள் ஊரார் வாயில் முன்னதாகவே உலவும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மக்கள் கையில் தூரிகை கொடுத்தால் அவர்கள் குட்டையை மட்டும் வரையமாட்டார்கள். எரியாத தெருவிளக்கையும், வராத குடிநீரையும், பதில் கிடைக்காத மனுவையும் வரைவார்கள். அப்படங்களும் சுவரில் இருக்கட்டும். புகழும் படங்களை மட்டும் ஒட்டினால் அது விளம்பரமாகிவிடும். எவரும் நின்று பார்க்கமாட்டார். குறை கூறும் படத்தைக் கிழிக்காத பஞ்சாயத்தே மக்களின் நம்பிக்கையைப் பெறும்.

ஒட்டிய படங்களின் ஒரு பிரதியைத் தொகுத்து ஊர் நூலகத்தில் வைப்பது நலம். வீட்டு வரியோடு நாம் செலுத்தும் நூலக வரியால் வளரும் அந்நூலகத்தில், நம் ஊரார் வரைந்த ஏடும் இடம்பெறுதல் முறையே. அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாட்கள் உள்ளன. தாளும் மையும் இன்றே வாங்கலாம்.